சாமியம்மாளின் வலது கை

சாமியம்மாளைப் பற்றிக் கேட்டால் எங்கள் லைனில் இன்றைக்கும் ஆளுக்கொரு புகழ் பாடுவார்கள். தாய்க்குத் தாயாம், தெய்வமாம். தெய்வமாவது ஒன்றாவது! அவள் எங்களை அடித்தாள். ஆண் பெண் என்று பார்க்காமல் அடித்தாள். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு, காது கூசும்படி திட்டினாள். நானும் அவளை அடித்திருக்கிறேன். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். என் முகத்துக்காக விழுங்கிவிடுவார்கள். எனக்கு அந்தத் தயவு வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கொளஞ்சியப்பன். எங்கள் ஊர் இருந்த இடத்தில் இப்போது சுரங்கம் இருக்கிறது. ஊர் போனபிறகு, நெய்வேலி நகரியத்துக்கு வெளியே கன்ட்ராக்ட் ஆட்கள் கூரை போட்டுக்கொண்ட வரிசையில் வந்து சேர்ந்தோம். கொட்டாய் லைன் என்று அதற்குப் பெயர். நகரியத்துக்குள் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், தெருவுக்குத் தெரு விளக்கு. வெளியே நாங்கள், கீற்றும் சேறும். நான் மைன்ஸில் மண் சுமக்கிற கூலி. பர்மனென்ட் எல்லாம் அப்போது கனவு.

நிலக்கரிக்கு மேலே மண் கொஞ்சநஞ்சமில்லை. செம்மண், மணல், களி என்று வெட்டித் தள்ளிக்கொண்டே போனால் ஓர் ஆழத்தில் வெண்ணெய் மாதிரி வெள்ளைக் களிமண் தட்டுப்படும். அதை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகம் உண்டான நாளிலிருந்து மனிதன் கால் படாத மண். எச்சில் படவில்லை, தீட்டுப் படவில்லை. இதைவிடச் சுத்தம் வேறு எது? எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் கொடியை அறுத்துவிட்டுத் தொப்புளில் சாணிச் சாம்பல் வைப்பார்கள். சாம்பலைவிட இந்த மண் மேல் என்று லைனில் முதலில் சொன்னவன் நான்தான். சோற்றுத் தூக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து ஒரு பானையில் சேர்த்தேன். காய்ந்துவிடக் கூடாதென்று பானையை ஆட்டுப்பட்டி ஓரத்து ஈரத்தில் கழுத்துவரை புதைத்து வைத்தேன். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னைத் தேடி வருவார்கள். நானே என் விரலால் வழித்துக் கொடுப்பேன். மண் சுமக்கிறவனை நாலு பேர் மரியாதையோடு வந்து கூப்பிட்டால் அது லேசுப்பட்ட விஷயமா?

என் முதல் பிள்ளை ஏழாம் நாள் மார்பைப் பிடிக்கவில்லை. வாய் பூட்டிக்கொண்டது. எட்டாம் நாள் உடம்பு வில்லாக வளைந்து விறைத்தது. ஒன்பதாம் நாள் புதைத்தோம். ஜன்னி என்றார்கள், பட்சி தோஷம் என்றார்கள். மறு வருஷம் பிறந்த பெண்ணுக்கும் அதே ஏழாம் நாள், அதே பூட்டு. இந்தத் தடவை சும்மா விடக் கூடாதென்று கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வயிற்றில் சூடு வைத்தார்கள். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டவன் நான். வாய் திறக்க முடியாததால் மூக்கால்தான் முனகியது. சாயந்தரம் செத்துப்போனது.

புதைத்துவிட்டு வந்து என் பெண்சாதி அம்சவல்லியை அடித்தேன். உன் வயிறு சரியில்லை, உன் பால் விஷம் என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். பக்கத்துக் கொட்டாய்க்காரன் கமாலுதீனும் அவன் பெண்சாதி தாஜ் பீவியும் ஓடிவந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள். கமாலுதீன் சுரங்கத்துக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருந்தான். கோபமே வராத மனுசன். அன்றைக்கு அவனையும் ஒரு தள்ளு தள்ளினேன்.

அறுபத்திரண்டு ஆனியில் ஒன்றியத்திலிருந்து எங்கள் லைனுக்குத் தாய்சேய் நல விடுதி வந்தது. பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓட்டு அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். வாரத்துக்கு ஒருநாள் நர்சம்மா வந்து போவார். மற்ற ஆறு நாளும் ஆயாம்மா சாமியம்மாள்தான்.

அவள் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. நாற்பது வயசு இருக்கும். குட்டை, கறுப்பு, கல் மாதிரி உடம்பு. அவள் கதையைத் தாஜ் பீவிதான் நோண்டிக் கேட்டு அம்சவல்லிக்குச் சொன்னாள். ஒரே ஒரு பிள்ளை பெற்றிருக்கிறாள். அது ஒன்பதாம் நாள் போய்விட்டது. பிள்ளையைத் தின்றவள் என்று புருஷன் வயிற்றில் உதைத்ததில் அப்புறம் கருவே தங்கவில்லை. ஒருநாள் நெல் குத்திக்கொண்டிருந்தவள், அவன் கையை ஓங்கியதும் உலக்கையால் அவன் முழங்காலைப் பெயர்த்துவிட்டுக் கட்டின சேலையோடு கடலூருக்கு நடந்துவிட்டாள். அங்கே பிரசவ வார்டில் எட்டு வருஷம் கூட்டிப் பெருக்கினாள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பிறகு ஆயா வேலைக்குப் பயிற்சி கொடுத்து, கையில் ஓர் அலுமினியப் பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் வந்த புதிதில் லைனே அலறியது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக வருகிற பெண்களின் கையை இழுத்து வைத்து ரத்தம் வருமளவு நகத்தை வெட்டிவிடுவாள். நகவெட்டி என்றே அவளுக்குப் பட்டப் பெயர். பிள்ளைத்தாய்ச்சியை எவனாவது அடித்தான் என்று காதில் விழுந்தால் போதும், ஷிப்ட் விட்டு வருகிற வழியில் குடையோடு நிற்பாள். சிங்காரவேலு என்று எங்களுக்கு ஒரு மேஸ்திரி. எட்டு மாசக்காரி ஒருத்தியை மண் கூடை தூக்க வைத்தான். சாமியம்மாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய், அத்தனை பேர் முன்னாலும் குடைக் காம்பால் அவன் மூக்கை உடைத்தாள். இரண்டு நாள் கழித்து அவன் ஆட்கள் விடுதிக்குள் புகுந்து, அவள் தலைமயிரைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அலுமினியப் பெட்டியைச் சாக்கடையில் எறிந்தார்கள். நாங்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தோம். அவள் எழுந்து, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, சாக்கடையில் இறங்கி ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கினாள். அன்றைக்கே எல்லாவற்றையும் தண்ணீரில் கொதிக்கப் போட்டாள்.

அம்சவல்லிக்கு மூன்றாவது தங்கி ஏழு மாசம் ஆனபோது சாமியம்மாள் எங்கள் கொட்டாய்க்கு வந்தாள். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னேன். முன்னால் போன இரண்டைப் பற்றி விசாரித்தாள். எத்தனையாவது நாள் என்று கேட்டாள். ஏழாம் நாள் என்றேன். தொப்புளுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, பெருமை! ஆட்டுப்பட்டிக்கு அழைத்துப் போய்ப் பானையைக் காட்டி, மண்ணின் மகிமையை எல்லாம் எடுத்துச் சொன்னேன்.

அவள் பானையைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கிடந்த புழுக்கையையும் மூத்திரச் சேற்றையும் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். நான் சுதாரிப்பதற்குள் பானையைக் காலால் உதைத்து உடைத்தாள்.

"ஆட்டுப் புழுக்கைல பொதைச்சி வெச்சிகினு சுத்தமான மண்ணுன்ற. உன் புள்ளைங்கள எந்தத் தோஷமும் அடிக்கல. நீதான்டா சாவடிச்ச."

அன்றைக்கு நான் அவளைத் திருப்பி அடிக்கவில்லை. அவள் போனபிறகு அம்சவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. ஆயாம்மா சொல்வது பொய் என்று கத்தினேன். பொய்யாகத்தான் இருந்தாக வேண்டும். நிஜமென்றால் என் இரண்டு பிள்ளைகளோடு போகாது. ஏழு வீட்டுக்கு நான் அந்த மண்ணை வழித்துக் கொடுத்திருக்கிறேன். மறுநாளே சுரங்கத்திலிருந்து புதிதாக மண் கொண்டுவந்து, வேறொரு பானையில் போட்டு விறகுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் முற்பகல் ஆண் பிள்ளை பிறந்தது. சாமியம்மாள் பிளேடையும் நூலையும் அம்சவல்லி கண்முன்னாலேயே கொதிக்க வைத்து, கொடியைக் கட்டி அறுத்தாள். தொப்புளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. காத்து படட்டும், வேற எதுவும் படக் கூடாது என்று சொன்னாள். எங்கள் லட்சணம் தெரிந்தவள் ஆயிற்றே, அதோடு கிளம்பிப் போகவில்லை. பாயைக் கொண்டுவந்து எங்கள் கொட்டாயின் வாசலுக்குக் குறுக்கே போட்டாள். இன்னொரு வீட்டில் பிரசவம் என்றால் மட்டும் போவாள், முடிந்ததும் ஓடி வந்துவிடுவாள். பத்து நாள் தாண்டாமல் நகர மாட்டேன் என்றாள். அவளுக்கும் அம்சவல்லிக்கும் தாஜ் பீவிதான் களி கிண்டிக் கொண்டுவந்தாள். அவளே நிறைமாசம், எட்டு வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை அது.

ஆறாம் நாள் முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கொடி விழுந்திருந்தது. தொப்புள் குழியில் துளி ஈரம். மத்தியானம் பால் சரியாகக் குடிக்கவில்லை என்று அம்சவல்லி சொன்னாள். அவ்வளவுதான், என் புத்தி பேதலித்துவிட்டது. விடிந்தால் ஏழாம் நாள். வெளியே விறகுக்குப் பின்னால் இருந்த பானையில் கையை விட்டு ஒரு கை மண் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சாமியம்மாள் எழுந்து நின்றாள்.

"ஆயாம்மா, வழி வுடுங்க. நாளைக்கு ஏழாம் நாளு."

"தெரியும். அதுக்குத்தான் ஆறு நாளா இங்க படுத்துகினு கெடக்கறேன்."

நான் அவளைத் தள்ளினேன். அவள் குடையால் என் முகத்தில் விளாசினாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. சுவரோரம் மண்வெட்டியின் கழன்ற காம்பு இருந்தது. அதை மறு கையில் எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பிள்ளை நினைப்பா இருந்தது? சத்தியமாக இல்லை. நீதான் சாவடிச்ச என்று சொன்ன வாயை மூட வேண்டும், அதுதான் இருந்தது. முதல் அடி அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தலைக்கு ஓங்கினேன். அவள் வலது கையைத் தூக்கித் தடுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது.

அவள் வாசலுக்குக் குறுக்கே விழுந்தாள். நான் அவளைத் தாண்டிக் காலை வைத்தேன். விழுந்து கிடந்தவள் என் கெண்டைக்காலைக் கவ்விக் கடித்தாள், சதை பிய்ந்து வரும்படி. உதறிக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே அம்சவல்லி. ஆறு நாள் பச்சை உடம்புக்காரி, இடுப்பில் துணி நழுவ, இரண்டு கையாலும் அரிவாள்மணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ரெண்ட உனக்குக் குடுத்துட்டேன். இதக் குடுக்க மாட்டேன். இன்னொரு அடி வெச்சின்னா வெட்டிட்டு ஜெயிலுக்குப் போவேன்."

என்னிடம் அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்தவள் அவள். கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டேன்.

அந்த நேரம் பக்கத்தில் ஆள் இல்லை. கமாலுதீன் கடையில் இருந்தான். தாஜ் பீவி தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது, சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சாமியம்மாள் முந்திக்கொண்டாள். கை கட்ட வந்த கம்பவுண்டரிடமும் அதையே சொன்னாள். என்னைக் காப்பாற்றவா? நல்ல கதை! அடிதடி என்று மேலே தெரிந்தால், பாதுகாப்பில்லாத இடம் என்று அவளைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். வேறு ஆள் போட மாட்டார்கள். இந்த லைனுக்கு அப்புறம் எந்த நாய் வரும் என்று அம்சவல்லியிடம் கேட்டாளாம். கம்பவுண்டர் பலகை வைத்துக் கட்டுப் போட்டு, ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு, மறுபடியும் வாசலில் பாயை விரித்தாள்.

நான் வெளியே சுவரோரம் கிடந்தேன். ஏழாம் நாள் பிள்ளை அழுதது. அந்த அழுகையைக் கேட்க எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? எட்டாம் நாள் சப்புக் கொட்டிப் பால் குடித்தது. ஒன்பது, பத்து. பதினோராம் நாள் சாமியம்மாள் பாயைச் சுருட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குத்தான் நான் நினைத்துப் பார்க்கத் துணிந்தேன். மண் கொடுத்த வீடுகள் ஏழு. அதில் ஐந்து வீட்டில் பிள்ளை தங்கவில்லை. பிள்ளைகள் சாவது லைனில் புதுசா, யார் அதைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள்? ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். முதல் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழை. ஆயாம்மாவின் காலில் விழவும் எனக்குத் துப்பில்லை. அவள் பேசாததையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்தேன்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை தாஜ் பீவிக்கு வலி கண்டது. சாமியம்மாள் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு, கூட ஒத்தாசைக்கு அம்சவல்லியைக் கூப்பிட்டாள். அம்சவல்லி எங்கள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். எனக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். கமாலுதீனும் நானும் அவன் கொட்டாய்க்கு வெளியே தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றோம். அவன் கடைக்கு வாங்கின விறகு அங்கேதான் அடுக்கியிருந்தது. பத்து மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல குரல். கமாலுதீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆனால் நஞ்சுக்கொடி வரவில்லை. ரத்தம் வந்தது, நிற்காமல் வந்தது. அம்சவல்லி வெளியே தலையை நீட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்றாள். கமாலுதீன் ஓடி ஒரு மாட்டுவண்டி பிடித்தான். அது லைனுக்கு வந்து சேருவதற்குள் ஓடையோரச் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. நாலு பேர் தோள் கொடுத்தும் அசையவில்லை. நனைந்துபோய்த் திரும்பி வந்தார்கள். உள்ளே சாமியம்மாளின் குரல் கேட்டது. கையை இப்படித் திருப்பு, உள்ளே விடு, பயப்படாதே, இன்னொரு கையால் மேலே அழுத்து என்று அம்சவல்லிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு வழியே இல்லாத இடத்தில் செய்கிற வேலை அது. கடலூரில் டாக்டரம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். லைனிலேயே அதற்குமுன் அவள் இரண்டு பேருக்குச் செய்து பிழைக்க வைத்திருக்கிறாள். அம்சவல்லிக்குக் கைப்பழக்கம் ஏது, பலம்தான் ஏது? கொஞ்ச நேரத்தில் சாமியம்மாள் தன் கைக்கட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து, பலகையை எறிந்துவிட்டு அந்த ஒடிந்த கையாலேயே முயன்றிருக்கிறாள். அவள் போட்ட சத்தம் லைன் முழுக்கக் கேட்டது. விரல்கள் மடங்கவில்லையாம்.

பிறகு சத்தமில்லை.

அம்சவல்லி வெளியே வந்தாள். முழங்கைவரை ரத்தம். கமாலுதீன் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு சுவரில் சாய்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"ஆயாம்மாவுக்கு ரெண்டு கையும் இருந்திருந்தா தாஜு பொழைச்சிருப்பா. அந்தக் கைய ஒடைச்சது நீ."

கமாலுதீனுக்கு முதலில் விளங்கவில்லை. சேற்றில் விழுந்ததாகத்தானே சொன்னார்கள் என்று கேட்டான். அம்சவல்லி ஒன்றுவிடாமல் சொன்னாள். மண்ணையும் சொன்னாள், மண்வெட்டிக் காம்பையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் என்னிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தள்ளி நின்றாள்.

அந்தக் கோபமே வராத மனுசன் அடுக்கிலிருந்து ஒரு விறகை உருவினான். முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது விலாவில். நான் மழையில் குப்புற விழுந்தேன். கை தூக்கித் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? மூன்றாவது, நாலாவது. வாயில் ரத்தமும் சேறும். லைன் ஆட்கள் கூடிவிட்டார்கள், ஒருவரும் பிடிக்க வரவில்லை. தலைக்கு ஓங்கினான். செத்தேன் என்று நினைத்தேன். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

சாமியம்மாள் வந்து நடுவில் நின்றாள். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் தாஜ் பீவியின் பெண், பழைய புடவைத் துணியில் சுற்றி.

"கமாலு, விறகக் கீழ போடு. இவனக் கொல்லணும்னா எனக்குத்தான் மொத பாத்தியதை."

அவன் போடவில்லை. வழி வுடுங்க ஆயாம்மா என்று அழுதான். அவள் குழந்தையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்குப் பாலு? அம்சவல்லிதான் குடுக்கணும். ரெண்டு புள்ளைக்கு ஒருத்தி பாலு குடுக்கணும்னா அவளுக்கு வயிறு நெறைய சோறு வேணும். அதுக்கு இவன் மண்ணு சொமக்கணும். நாளைக்கும் சொமக்கணும், நாளான்னிக்கும் சொமக்கணும்."

கமாலுதீன் விறகைக் கைவிட்டான். சாமியம்மாள் குழந்தையை அம்சவல்லியிடம் கொடுத்தாள். அம்சவல்லி அந்த மழையில், அத்தனை பேர் நடுவில், ரத்தக் கையோடு அதை மார்பில் அணைத்துக்கொண்டாள். குழந்தை பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் சாமியம்மாள் என் பக்கம் திரும்பினாள். ஒரு மாசத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"எழுந்திரு. ரெண்டாவது ஷிப்ட்டுக்கு நேரமாச்சி."

எழுந்தேன். வேலைக்குப் போனேன்.